நிறுத்தி வைத்த அகவிலைப்படி

கொரோனா சமயத்தில் 2020 ஜனவரியிலிருந்து 2021 ஜூன் வரை மத்திய அரசு நிறுத்தி வைத்த மூன்று தவணை அகவிலைப்படி பாக்கியைத் தர முடியாது என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டார்கள், சரி, போகட்டும் என்று விடத்தான் எனக்கு இன்னும் மனசு வரவில்லை. டெல்லியில் மயூர் விஹார் பக்கம் இரண்டு அறை வீட்டுக்கு, கொடுக்கிற வாடகைப்படியோடு கைக்காசும் போட வேண்டியிருக்கிறது. எங்கள் பிரிவில் ஓய்வு பெற்றுப் போனவர்களின் நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன, அவர்களுடைய ஃபைல் கட்டெல்லாம் சிவப்பு நாடாவோடு என் மேஜையில்! ஊரில் அம்மா, "சென்ட்ரல் கவர்மென்ட் வேலை, உனக்கென்னடா குறை?" என்கிறாள். 2004 ஜனவரியிலிருந்து சேர்ந்தவனுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து அதில் 10 சதவீதம் புதிய பென்ஷனுக்கென்று மாதாமாதம் பிடித்துக்கொள்கிறார்கள், அம்மா.