தனுஷ்கோடி பாறையில் ‘லிபர்ட்டி’ கப்பலா? பரவும் செய்தி தவறு

ராமேசுவரம், மண்டபம் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு 10,000 டன் அரிசியுடன் பாம்பன் கால்வாய் வழியே போன உலகப்போர்க் கால லிபர்ட்டி சரக்குக் கப்பல், தனுஷ்கோடி செங்குத்துப் பாறையில் மோதி நிற்கிறதாம்.

முதலில் தண்ணீரின் ஆழம். லிபர்ட்டி கப்பலின் நீளம் 134 மீட்டருக்கு மேல். முழுப் பாரம் ஏற்றினால் அடிப்பகுதி சுமார் 8.5 மீட்டர் நீருக்குள் அமிழும்; நம் மீனவர் கணக்கில் நாலரைப் பாகத்துக்கும் மேல் (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்). பாம்பன் கால்வாயில் அவ்வளவு ஆழம் கிடையாது, அதில் போவது சிறு கப்பல்கள்தான். பெரிய கப்பல்கள் இன்றும் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன. சேதுக் கால்வாய்த் திட்டத்தில் 12 மீட்டர் ஆழப்படுத்தச் சொன்னதும் இதனால்தான்.

தனுஷ்கோடியில் செங்குத்துப் பாறை ஏது? எல்லாம் மணல் திட்டு.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பக்கவாட்டுத் தகடுகள் சேரும் இடமெல்லாம் ரிவெட் வரிசை, அதாவது தகடுகளைப் பிணைக்க அடித்த ஆணித் தலைகள். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் 2,710 லிபர்ட்டிகளை விரைந்து கட்ட முடிந்ததே, தகடுகளைப் பெரும்பாலும் வெல்டிங்கில் இணைத்ததால்தான். படத்தில் இருப்பது அதற்கு முந்தைய பாணிக் கட்டுமானம்.

கப்பலைத் தேடி முங்கப் போகிறவர்களுக்கு: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பவளப்பாறையை உடைத்து எடுத்தால் வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு.