வீட்டில் பிறந்த தவளையும் காட்டில் பிடித்த தவளையும்

அம்புத் தவளை (மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் பளிச்சென்ற நிறமுள்ள சின்னத் தவளை) வளர்ப்பவர்களிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். ஒரு ஈட்டில் நாலைந்து முட்டை தேறினாலே அவர்களுக்குப் பெரிய விஷயம். தலைப்பிரட்டைகளைச் சேர்த்து விட்டால் பல இனங்களில் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் வைத்து வாரக்கணக்கில் தண்ணீர் மாற்ற வேண்டும். கால் முளைத்துக் கரையேறியதும், பறக்க முடியாத பழ ஈக்களை அதற்கென்றே வளர்த்துப் போட வேண்டும். சில இனங்களில் தாய்த் தவளையே வந்து கருவுறாத முட்டை இட்டு ஊட்டினால்தான் தலைப்பிரட்டை பிழைக்கும். இப்படி வருஷத்துக்கு இருபது, முப்பது குஞ்சுகளைத் தேற்றுபவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1987 முதல் அம்புத் தவளைகள், காட்டுயிர்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கின்றன. எல்லை தாண்ட ஏற்றுமதி அனுமதி வேண்டும். இதை நான் எதிர்க்கவில்லை. 2022இல் பனாமா மாநாட்டில் கண்ணாடித் தவளைகளை அதே பட்டியலில் சேர்த்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. காட்டிலிருந்து அள்ளிக்கொண்டு போவதை யாராவது தடுத்தே ஆக வேண்டும்.

என் ஆதங்கம் வேறு. பத்துத் தவளை போனாலும் ஆயிரம் போனாலும் ஏறக்குறைய அதே படிவங்கள், அதே காத்திருப்பு. மொத்தமாக அனுப்புபவருக்கு அந்தச் செலவு தலைக்குச் சில்லறைதான். பத்து அனுப்புபவருக்கோ தவளையின் விலையையே அது தாண்டிவிடும். அவர் ஒதுங்கிக்கொள்கிறார். காட்டுத் தவளையைப் பெட்டி பெட்டியாக ஏற்றுபவர் களத்தில் நிற்கிறார்.

அப்புறம் பூர்வீகக் கேள்வி. வளர்ப்பில் பிறந்தது என்று ஏற்க வேண்டுமானால், மூலத் தவளைகள் சட்டப்படி வந்தவை என்று காட்ட வேண்டும். தேவையான விதிதான். காட்டில் பிடித்ததை 'வளர்ப்பில் பிறந்தது' என்று சொல்லி விற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பல வருஷம் முன்பு நண்பரிடம் ஒரு ஜோடி வாங்கியவர் இன்று எந்த ரசீதைக் காட்டுவார்?

நோய்த் தடுப்பு இன்னும் சிக்கல். நெதர்லாந்தில் தீச் சாலமாண்டர்கள் (தவளைக்கு உறவான, பார்க்கப் பல்லி போன்ற உயிரினம்) கிட்டத்தட்ட அழிந்தே போயின. அதற்குக் காரணமான பூஞ்சையை 2013இல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். பயம் நியாயமானது. அமெரிக்கா 2016இல் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. தோலைப் பஞ்சுக் குச்சியால் தடவிப் பரிசோதித்து நோயில்லை என்று காட்டினாலும் வியாபாரத்துக்கு விலக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் வேறு வழியில் போனது: தனிமைப்படுத்து, பரிசோதி, சுகாதாரச் சான்றிதழோடு அனுப்பு. எனக்கு இந்த வழிதான் சரி என்று படுகிறது. நோயும் தடுக்கப்படுகிறது, பொறுப்பாக வளர்ப்பவருக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது.

சைட்ஸ் அனுமதியிலும் அப்படியொரு வாசல் வேண்டும். வளர்ப்பாளர் தன்னைப் பதிவு செய்துகொள்ளட்டும், ஒவ்வொரு ஈட்டையும் குறிப்பேட்டில் எழுதட்டும், அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வந்து கிண்ணங்களை எண்ணட்டும். பதிலுக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கை வரை வருஷத்துக்கு ஒரே அனுமதி, சிறு கட்டணத்தில் கொடுங்கள். பழைய ஜோடிகளைக் கணக்கில் கொண்டுவர ஒருமுறை அவகாசமும் கொடுங்கள்.