டீச்சரம்மா வீட்டுக்கு பூஸ்டர் வேண்டாம், பெட்டியை நகர்த்துங்கள்

நேற்று நம்ம ஊர் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பின்கட்டில் வைஃபை எடுக்கவில்லை, என்ன செய்யலாம்?" என்றுதான் டீச்சரம்மா கேட்டார். சாயங்காலத்துக்குள் 100 எம்பிபிஎஸ் வேக இணையப் பிளானை 300க்கு மாற்றவைத்து, வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும், ப்ளக்கில் செருகும் பூஸ்டர் ஒன்றையும் வாங்கவைத்துவிட்டார்கள். முதலில் வைஃபை பெட்டியை, அதாவது ரௌட்டரை, நகர்த்திப் பாருங்கள் என்று நான் எழுதியதற்கு, "செலவு பண்ண மனசில்லாதவங்க பேச்சைக் கேட்காதீங்க டீச்சர்" என்று ஒரு தம்பி பதில் போட்டார். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சரி, விவரமாகவே எழுதுகிறேன்.

டீச்சரம்மா போட்ட ஸ்பீட் டெஸ்ட் ஸ்க்ரீன்ஷாட்டை யாராவது பெரிதாக்கிப் பார்த்தீர்களா? வாசலை அடுத்த ரேழியில் 92 எம்பிபிஎஸ், அடுப்படியில் 3. ரேழியில் 92 வருகிறது என்றால் வாங்கிய பிளான் முழுசாக வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. கோளாறு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கிறது. 300 பிளான் போட்டால் ரேழியில் 280 வரும், அடுப்படியில் அதே 3தான். மாதாமாதம் கூடுதல் பணம், அதே மூன்று.

கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பு நமக்குத் தெரியாததா? அகலம் குறைவு, நீளம் தெருவிலிருந்து கொல்லை வரை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி. சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒன்றரை அடிச் செங்கல் சுவர்கள் மூன்று நான்கு. இணையம் கொண்டுவரும் பைபர் (ஒளியிழைக் கம்பி) தெருக் கம்பத்திலிருந்து வருவதால், மாட்ட வருகிறவர் முதலில் கண்ணில் படும் ப்ளக் பக்கத்திலேயே, அதாவது ரேழியிலேயே, பெட்டியை ஆணி அடித்துவிட்டுப் போய்விடுகிறார். அலையில் பாதி தெருவுக்குப் போகிறது, மீதி முதல் சுவரிலேயே தேய்கிறது. பக்கத்தில் இரும்பு பீரோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, முற்றத்தைப் பார்த்த மாதிரி ஆறேழு அடி உயரத்தில் மாட்டிப் பாருங்கள். முற்றத்துத் திறந்தவெளி வழியாக அலை சுவரில் முட்டாமல் இரண்டாம் கட்டுக்குப் போகும். நம் வீடுகளில் முற்றம் ஒரு வரம். அதைப் பயன்படுத்தாமல் பூஸ்டர் வாங்குகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

நகர்த்துவது பெரிய வேலை இல்லை. 15 அல்லது 20 மீட்டர் பைபர் பேட்ச் கார்டும் (இரு பக்கமும் முனை வைத்த பைபர் துண்டு) ஒரு இணைப்பானும் போதும். பச்சை முனைக்குப் பச்சை, நீல முனைக்கு நீலம். மாற்றிச் செருகினால் ஒளி இழப்பு கூடும். எங்கே வளைத்தாலும் வளைவின் ஆரம் 3 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கதவு நிலையில் மடக்கி ஆணி அடித்தால் ஒளி வராமல் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான்.

பூஸ்டருக்கு வருகிறேன். அது புதிதாக இணையம் எதையும் உற்பத்தி செய்வதில்லை, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறது. டீச்சரம்மா அதை அடுப்படியிலேயே செருகியிருக்கிறார். அங்கே சிக்னல் பலம் மைனஸ் 82 டிபிஎம் (பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம்). அதற்கே காது கேட்கவில்லை, எதைத் திருப்பிச் சொல்லும்? மைனஸ் 65க்கு மேல் கிடைக்கும் இடத்தில், அதாவது பாதி வழியில் செருக வேண்டும். அப்படிச் செருகினாலும், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். போனில் கோடுகள் நிறைந்து தெரியும், வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும்.

"எங்க வீட்ல பூஸ்டர் நல்லாத்தான் வேலை செய்யுது" என்று ஒரு அண்ணன் சொன்னார். செய்யும். அவர் வீடு இரண்டு படுக்கையறை, நாலரை அங்குலச் சுவர். டீச்சரம்மா வீடு அது இல்லையே! "மெஷ் வாங்கிட்டா முடிஞ்சுது" என்றார் இன்னொருவர். மெஷ் என்றால் ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக இயங்கும் பல பெட்டிகள். மெஷ் பெட்டிகள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளவும் அதே ஒன்றரை அடிச் சுவரைத்தான் தாண்ட வேண்டும். நடுவில் கேபிள் இழுத்தால் மெஷ் அருமையாக ஓடும். ஆனால் கேபிள் இழுப்பதென்றால் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரௌட்டரே போதுமே.

அதன் செய்முறை இதுதான். பைபர் வந்து சேரும் முன்பெட்டியின் லேன் (LAN) துளையிலிருந்து கேட் 6 நெட்வொர்க் கேபிளைப் பின்கட்டுக்கு இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். பழைய ரௌட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (முன்பெட்டி 192.168.1.1 ஆக இருந்தால்). அதில் டிஎச்சிபியை (போன்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) நிறுத்துங்கள், அதை முன்பெட்டி பார்த்துக்கொள்ளும். பிறகு கேபிளை அதன் லேன் துளையில் செருகுங்கள், வேன் (WAN) துளையில் அல்ல. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேனல் மட்டும் ஒன்றில் 1, மற்றதில் 6 அல்லது 11. சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

கேபிள் வாங்கும்போது ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். முனையில் கம்பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. எட்டில் ஒன்று தொடாவிட்டாலும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போய் 100க்கு இறங்கிவிடும், அல்லது இணைப்பே வராது. கொல்லையைத் தாண்டி மோட்டார் கொட்டகைக்கு மட்டும் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். ஐப்பசி இடியில் இரண்டு பக்கப் பெட்டியும் சேர்ந்து போகும். அங்கே பைபரும் இரண்டு முனையிலும் பைபரைச் செம்புக் கேபிளுக்கு மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டரும்தான்.

"கம்பி ஓடினா வீடு அசிங்கமாயிடும்" என்பவருக்கு: உத்தரத்தை ஒட்டி கேசிங் பட்டை போட்டால் கண்ணுக்கே தெரியாது.

எனக்கு வலித்தது அந்தச் சிரிப்புகள் இல்லை. "வயசானவங்களுக்கு இதெல்லாம் புரியாது, விடுங்க" என்று கடைசியில் ஒருவர் எழுதினாரே, அது. ஸ்பீட் டெஸ்ட் எடுத்து, ரேழியில் ஒன்று, அடுப்படியில் ஒன்று என்று தனித்தனியாகக் குறித்து, டிபிஎம்மையும் அளந்து போட்டவர் டீச்சரம்மா ஒருவர்தான். பதில் சொன்னவர்களில் ஒருவர்கூட எதையும் அளக்கவில்லை. நாற்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவருக்கு 92க்கும் 3க்கும் வித்தியாசம் புரியாதா?

டீச்சர், பூஸ்டர் அட்டைப்பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள், திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும். ரேழியிலிருந்து கூடத்துத் தூண் வரை எத்தனை அடி என்று மட்டும் அளந்து கமென்டில் போடுங்கள். பேட்ச் கார்டு நீளத்தைச் சொல்கிறேன்.