கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஏன் விண்ணப்பிப்பதே இல்லை?

இடைக்கால வரலாற்றில் பிஎச்டி முடித்துவிட்டு என்னைப் பார்க்க வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, கெஸ்ட் லெக்சரர் வேலை எங்கே காலியிருக்கு சார் என்பதைத்தான். தப்பில்லை, வீட்டு நிலைமை எனக்கும் தெரியும். வெளிநாட்டு ஃபெல்லோஷிப்புக்கு (ஆய்வு செய்யத் தருகிற உதவித்தொகைக்கு) ஏன் போடவில்லை என்று கேட்டால், "அதெல்லாம் சயின்ஸ் படிச்சவங்களுக்குத்தானே சார்" என்கிறார்கள். அதைக் கேட்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

இடைக்கால வணிகக் குழுக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமத்ராவில் பாருஸ் பக்கம் லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைச் சொல்கிறது. தாய்லாந்தின் தகுவாபாவில் ஒரு குளம் மணிக்கிராமத்தார் என்ற இன்னொரு வணிகக் குழுவின் காவலில் விடப்பட்டிருக்கிறது. சீனத்துச் சுவான்சௌவில் 1281-இல் தமிழும் சீனமும் ஒரே கல்லில். ராஜராஜனின் ஆனைமங்கலச் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனதால், அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதையெல்லாம் பழைய அச்சுப் பதிப்பை வைத்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்து எழுதலாம்தான், ஆனால் பக்கத்து மேசையில் பழைய மலாய் வாசிப்பவரும், சீனப் பானையோட்டுத் துண்டைப் பார்த்துக் காலம் சொல்பவரும் இருந்தால் நம் மனதில் எழுகிற கேள்விகளே வேறு. அவர்களுக்கும் நாம் வேண்டும், இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டைத் தடுமாறாமல் வாசிக்கிறவர்கள் உலகத்தில் அத்தனை பேர் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி போஸ்ட்டாக்டோரல் (பிஎச்டிக்குப் பிந்தைய) ஃபெல்லோஷிப் வரலாற்றுக்கும் உண்டு, எந்த நாட்டவரும் போடலாம். பிஎச்டி முடித்து 8 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் பிள்ளைப்பேறு போன்றவற்றுக்காக ஆய்வை நிறுத்திவைத்த காலத்தை அந்த 8-இல் சேர்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண், நல்ல கல்வெட்டு வாசிப்பு, குழந்தை பிறந்ததும் 'காலம் போச்சு' என்று தானே முடிவுகட்டி விட்டுவிட்டாள். போகவில்லை அம்மா, யாரும் உனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், இதற்குத் தனியாக விண்ணப்பிக்க முடியாது. அங்கே ஒரு பேராசிரியர் உங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதனால் கடைசித் தேதிக்குப் பல மாதம் முன்பே அவருக்கு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்: உங்கள் கேள்வி என்ன, எந்தக் கல்வெட்டுகள், அதை ஏன் அவரிடம் வந்து செய்ய வேண்டும். சோழர் பெருமையை அதில் எழுதாதீர்கள், இன்னும் விடை தெரியாத ஒன்றை எழுதுங்கள்.

இந்த ஆண்டு யாராவது எழுதுவதாக இருந்தால் வரைவை எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். ராத்திரி உட்கார்ந்தாவது படித்துத் திருத்தித் தருகிறேன்.