வெட்டத் தெரிந்தவர்களுக்கு ஒட்டத் தெரியாதா?

நிரல் எழுதும் நண்பர்களே, வலைச் செயலியின் நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளலாம் என்று ‘லேஸி லோடிங்’ பெயரில் விடுகிறீர்களே, அந்தத் துண்டு வந்து சேராவிட்டால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கதி என்ன என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

பகலில் எனக்கும் இதே வேலைதான். மாலையில் குடியாத்தத்தில் நண்பனின் பிரௌசிங் சென்டரில் ஒத்தாசைக்கு உட்காருவேன். பேர்ணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண், தனியார் தளம் ஒன்றில் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். முகவரி, மதிப்பெண், சான்றிதழ் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கடைசிப் பக்கத்துக்கு ‘அடுத்து’ அழுத்தினால் திரை வெள்ளை. ஒரு எழுத்து இல்லை, ஒரு பட்டன் இல்லை. "அண்ணா, திரும்பவும் முதல்ல இருந்தா?" என்றாள். அவளுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

உடனே ‘நெட் ஸ்லோ’ என்பீர்கள். நெட் நன்றாகத்தான் இருந்தது. பிரௌசர் பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்து பார்த்தேன்: வெட்டிய துண்டு, அதாவது சங்க் ஃபைல், சர்வரில் இல்லை, 404. அவள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில் தளத்துக்காரர்கள் புது பில்டை, அதாவது தளத்தின் புதுப் பதிப்பை, ஏற்றியிருக்கிறார்கள். பில்டில் நிரல் மாறினால் ஃபைல் பெயரில் ஒட்டியிருக்கும் ஹாஷ் என்ற அடையாளக் குறியும் மாறும். பழைய ஃபைல்களைத் துடைத்துப் போட்டுவிட்டார்கள். அவள் திறந்து வைத்திருந்த பக்கமோ பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கும். ஆம்பூர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார வைத்து, பிரியாணியைப் போட்டுவிட்டு, கத்திரிக்காய் கேட்கும்போது அடுப்படியைப் பூட்டிக்கொண்டு போவார்களா?

சில சர்வர்கள் இன்னும் மோசம். இல்லாத ஃபைலைக் கேட்டால் இல்லை என்றுகூடச் சொல்லாமல், முகப்புப் பக்கத்தின் எச்டிஎம்எல்லைத் தூக்கி நீட்டும். ஜாவாஸ்கிரிப்ட் கேட்ட பிரௌசர் அதை எப்படி ஏற்றுக்கொள்ளும்?

லேஸி லோடிங்கே தப்பு என்று நான் சொல்லவில்லை. காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை போகும் ரயிலில் சாதாரண போனில் ஒரு தளத்தைத் திறப்பவருக்கு, முதல் பக்கத்துக்கு வேண்டியது மட்டும் வந்தால் பெரிய உபகாரம். திரைகளைக் கட்டப் பயன்படும் ரியாக்ட் நூலகத்தில் லேஸி வசதி 2018-இலேயே வந்துவிட்டது. வேண்டும்போது ஃபைலை இறக்கும் டைனமிக் இம்போர்ட் 2020-இல் ஜாவாஸ்கிரிப்ட் தரத்திலேயே சேர்ந்துவிட்டது. கருவியில் குறையே இல்லை. ஆனால் ரியாக்டின் சஸ்பென்ஸ் போட்டு ஒரு சுழலும் வட்டத்தைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எழுந்து போகிறீர்களே, அதுதான் வயிற்றெரிச்சல். சஸ்பென்ஸ் காத்திருப்புக்கு மட்டும்தான். துண்டு வராமலே போனால் அந்தப் பிழையைப் பிடிக்க எரர் பவுண்டரி வேண்டும். ரியாக்ட் 16 முதல், பிடிபடாத பிழை ஒன்று வந்தாலே மொத்தத் திரையும் கழற்றி வீசப்படும். அந்த வெள்ளைத் திரை இப்படித்தான் வருகிறது.

இதெல்லாம் என்ன பெரிய வித்தையா? பழைய பில்டின் ஃபைல்களைச் சில வாரம் சர்வரில் விட்டு வையுங்கள், அந்த இடத்துக்கு என்ன சொத்தா அழிகிறது? துண்டு இறங்காவிட்டால் பிரௌசரை இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள். அப்போதும் வராவிட்டால், நிரப்பியதைப் பிரௌசரிலேயே சேமித்து வைத்துவிட்டு, ‘தளம் புதுப்பிக்கப்பட்டுள்ளது, மறுபடி திறக்கவும்’ என்று தமிழில் ஒரு வரி காட்டுங்கள். மூன்றாம் பக்கத்தை அவர் நிரப்பும்போதே நான்காவதை பின்னணியில் ப்ரீஃபெட்ச் செய்து, அதாவது முன்கூட்டியே இறக்கி, வையுங்கள்.

சோதிக்கும்போதும் ஆபீஸ் வைஃபையில் ஒரு தடவை கிளிக் செய்து பார்த்துவிட்டு ‘ஓகே’ போடாதீர்கள். பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு புது பில்டை ஏற்றுங்கள், அப்புறம் ‘அடுத்து’ அழுத்திப் பாருங்கள்.

இவ்வளவும் முடியாது என்றால் படிவத்தையாவது வெட்டாதீர்கள். சில பக்கப் படிவத்தின் நிரல் மொத்தமும், அதில் நீங்கள் ஏற்றச் சொல்லும் ஒரு போன் போட்டோவின் அளவுகூடப் பெரும்பாலும் வராது. முதலிலேயே முழுசாக இறக்கிவிடுங்கள். கூடுதலாகச் சில நொடி ஆனால் ஆகட்டும், அவர்கள் காத்திருப்பார்கள்.