பிறந்தநாளுக்கு அரை நாள் கொடுங்கள், போதும்

புதிதாகக் கல்யாணமான என் தம்பி போன வாரம் போன் செய்து, "அக்கா, அவளுக்குப் பிறந்தநாள் வருது, என்ன சர்ப்ரைஸ் பண்ணலாம்?" என்று கேட்டான். "ஒண்ணும் பண்ணாதே, அரை நாள் அவளை அவ போக்குல விடு" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து வைத்துவிட்டான். அவனுக்காகத்தான் இந்தப் பதிவு. மற்ற தம்பிகளும் படிக்கலாம், தப்பில்லை.

நம் பக்கத்தில் கல்யாணமான முதல் வருடத்துக்கு எல்லாமே உண்டு. தலைத் தீபாவளிக்கு மாமனார் வீட்டு விருந்து, மாப்பிள்ளைக்கு மோதிரம். பொங்கலுக்குச் சீர். ஆடிக்கு அழைப்பு. ஆனால் புகுந்த வீட்டில் பெண்ணுக்கு வரும் முதல் பிறந்தநாளுக்கு ஒரு சம்பிரதாயமும் கிடையாது. யார் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை. அந்தக் காலி இடத்தில்தான் கேக் கடையும் வாட்ஸப் ஸ்டேட்டஸும் வந்து உட்கார்ந்துகொண்டன.

அம்மா தலைமுறைக்கு இந்தச் சிக்கலே இல்லை. என் அம்மாவுக்குத் தெரிந்தது பங்குனி உத்திரம் என்பது மட்டும்தான். ஆதாரில் இருக்கும் தேதி பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் பார்த்துப் போட்டது. உத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குவார். குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டால் அப்பாவில் தொடங்கி, அண்ணன், நான், தம்பி என்று வரிசையாகச் சொல்லி, மூச்சு மிச்சமிருந்தால் தன் பேரைச் சொல்வார். பிறந்தநாள் அவருடையது, அர்ச்சனை எங்களுக்கு. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாளில் அவருக்குக் கூடுதலாக ஒரு வேலையும் வந்து சேரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்றைக்கு நடப்பதைப் பாருங்கள். பதினொன்றரை மணிக்குத்தான் அடுப்படியைத் துடைத்துவிட்டுப் படுத்திருப்போம். பன்னிரண்டு மணிக்கு லைட் எரியும். நாத்தனார் வீடியோ காலில் இருப்பார். அரைக் கிலோ பிளாக் ஃபாரஸ்ட் மேல் பேர் எழுதியிருக்கும், பெரும்பாலும் எழுத்துப் பிழையோடு. பொறி பறக்கும் மெழுகுவர்த்தி அணைவதற்குள் போட்டோ எடுக்க வேண்டும், அதற்காக நைட்டி மேல் துப்பட்டாவைத் தேடிப் போட வேண்டும். யாராவது ஒருவர் ஸ்னோ ஸ்ப்ரே அடிப்பார். அது முடியில் ஒட்டினால் சீப்புக்கு வராது, தலைக்குத்தான் குளிக்க வேண்டும். ஆளுக்கொரு வாய் ஊட்டிவிட்டு, "ஹேப்பியா?" என்று கேட்டுவிட்டு, எல்லாரும் படுக்கப் போய்விடுவார்கள். மிச்சக் கேக்கை ஃபிரிட்ஜில் வைக்க மாவுத் தூக்கை நகர்த்தி, குழம்புக் கிண்ணத்தை அதன் மேல் ஏற்றி, தரையில் மிதிபட்ட கிரீமை ஈரத் துணியால் துடைத்து எடுப்பது யார்? பிறந்தநாள்காரிதான். எறும்பு வந்துவிடுமே.

விடிந்தால் பாயசம். சாயந்தரம் வாழ்த்துச் சொல்ல வரும் சொந்தக்காரர்களுக்கு எதாவது டிபன். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவழிப்பதாக வந்திருக்கிறது. பிறந்தநாளன்று அந்த 289 ஏறுமே தவிர இறங்காது. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர், "88 நிமிஷமா? யாருய்யா அந்த ஆம்பளைங்க?" என்று கேட்டார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

பரிசு விஷயத்துக்கு வருவோம். மிக்ஸி, கிரைண்டர், ஏர் ஃபிரையர் எல்லாம் வீட்டுக்கு வாங்கிய சாமான். அதன் மேல் ரிப்பன் கட்டினாலும் சட்னி எல்லாருக்கும்தான் அரைக்கப் போகிறேன். அடுத்தது நகை. "பொண்டாட்டிக்கு பர்த்டேக்கு அரைப் பவுன்ல கம்மல்" என்று ஸ்டேட்டஸ் வைக்கும் வீடுகள் பாதியில், அந்தக் கம்மல் அவளே மாசா மாசம் கட்டிய நகைச் சீட்டில் வந்ததாக இருக்கும். சீட்டு ஏன் பதினோரு தவணையோடு நிற்கிறது என்று ஒரு தோழியிடம் கேட்டபோதுதான் தெரிந்தது: பொருளுக்கென்று வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்க்காவிட்டால் கம்பெனிக்கு அது டெபாசிட் கணக்கில் போய்விடும் என்று 2014-இல் வந்த விதி சொல்கிறதாம். ஆக, தவணை முடிகிற மாதமும் பிறந்தநாளும் பக்கத்தில் வந்தால் நகையும் வாங்கின மாதிரி ஆயிற்று, சர்ப்ரைஸும் கொடுத்த மாதிரி ஆயிற்று. நல்ல திட்டமிடல்தான், குறை சொல்லவில்லை. பரிசு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சேலையாவது எடுத்துத் தருகிறேன் என்று கூட்டிக்கொண்டு போவார்கள். அதில்தான் எனக்கு உண்மையான வருத்தம். ஜவுளிக் கடையில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஆண்களுக்கென்றே சில நாற்காலிகள் போட்டிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? கையில் இரண்டு கட்டைப்பை, மடியில் தூங்கும் பிள்ளை, போனில் கிரிக்கெட். அங்கிருந்து கால் மணிக்கொருதரம் கண் மட்டும் வரும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து, மூன்றாவது சேலையிலேயே "சரி, இதையே போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் கையைத் தூக்குங்கள். பீரோவைத் திறந்தால் அந்தச் சேலைகளை நம்மால் தனியாக அடையாளம் காட்ட முடியும்.

சேலை எடுப்பதென்றால் வாங்குவது கடைசி ஐந்து நிமிடம்தான். அதற்கு முன்னால் இருப்பதுதான் விசேஷம். தட்டில் இருப்பதை விட்டுவிட்டு மேல் அடுக்கில் இருப்பதைக் கேட்பது, முந்தியை மட்டும் விரித்துப் பார்ப்பது, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் நிறம் பார்ப்பது, தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு முகம் சுளிப்பது. "உங்க கலருக்கு இது எடுப்பா இருக்கும்க்கா" என்று கடைப் பையன் சொல்வதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே, இருந்தாலும் இன்னொரு தடவை கண்ணாடியைப் பார்ப்பது. கடைசியில் எதுவும் பிடிக்கவில்லை என்றால் வெறுங்கையோடு வருவது. அந்த உரிமை இருந்தால்தான் அது ஷாப்பிங். நேரம் குறித்துவிட்டால் அது ரேஷன் வாங்குவது மாதிரி.

போன பிறந்தநாளுக்கு நான் கேட்டு வாங்கியது இதைத்தான். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு, தனியாகக் கிளம்பினேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. சீட்டை மட்டும் கிழித்துக் கொடுப்பார்கள். "ஓசி பஸ் வந்ததுலேருந்து பொம்பளைங்க எல்லாம் ஊர் சுத்துறாங்க" என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அடிக்கடி சொல்வார். சுற்றட்டுமே! வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக மட்டும்தான் பெண்ணுக்கு பஸ் என்று அந்த அரசாணையில் எழுதியிருக்கிறதா என்ன? இந்தத் திட்டத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து சொன்னது. அதில் ஒரு பகுதி ஜிகர்தண்டாவுக்குப் போனால் என்ன கெட்டுவிடும்?

பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி தெற்கு மாசி வீதிக்கு நடந்தேன். ஆசைப்பட்டது சுங்குடிப் பருத்திச் சேலை. வெயில் ஊரான மதுரைக்கு அதை விட்டால் வேறு சேலை எது? சௌராஷ்டிர மக்கள் கையால் நூல் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவது அந்தக் காலத்துச் சுங்குடி. 2005-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் இப்போது கடையில் விரிப்பதில் பெரும்பாலானவை அச்சு. கடையில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். முடிச்சுப் போட்ட புள்ளி லேசாகச் சுருங்கி இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு தடவினால் விரலில் தட்டுப்படும், ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது. அச்சில் எல்லாம் அளவெடுத்த மாதிரி இருக்கும், விரல் வழுக்கிக்கொண்டு போகும். "எடுக்குறியோ இல்லையோ, தொட்டுப் பாரு தாயி" என்றார். தொட்டுப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் என் பட்ஜெட்டுக்கு அச்சுச் சேலைதான் வந்தது, அரக்குக் கலரில். முதல் தடவை கல்லுப்புத் தண்ணீரில் முக்கித் தனியாக அலசி, நிழலில் காயப் போடச் சொன்னார். அதை மறந்துவிட்டு மற்றத் துணியோடு போட்டவர்களின் வெள்ளை வேட்டிக் கதைகள் கமெண்டில் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

அப்புறம் ஜாக்கெட் துணிக்கும் ஃபாலுக்கும் அலைந்தேன். புது மண்டபத்தில் இருந்த கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சின்ன வயதில் அம்மாவோடு அந்தத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின் சத்தத்தில் காத்திருந்த ஞாபகத்தில் கால் தானாக அங்கே போய், திரும்பி வந்தது. விளக்குத்தூண் பக்கத்தில் நின்று ஜிகர்தண்டா குடித்தேன். பால், கடல்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். யாருக்கும் ஒரு வாய் மிச்சம் வைக்காமல் முழு டம்ளரையும் ஒரே ஆளாகக் குடித்து எவ்வளவு காலமாயிற்று என்று தாய்மார்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வண்டி வராத சித்திரை வீதியில் கோபுரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வீடு வந்தேன்.

இந்த ஊரில் சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் செய்து கையில் செங்கோலைக் கொடுக்கிறோம். சித்திரையிலிருந்து நான்கு மாதம் அவள் ஆட்சி. ஆவணியில்தான் சுந்தரேசுவரர் பொறுப்பேற்கிறார். வருடத்தில் எட்டு மாதம் அவருக்கு, நான்கு மாதம் அவளுக்கு என்பதில் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. அதை இன்னொரு பதிவில் பேசிக்கொள்கிறேன். நான் கேட்பது அரை நாள்.

தம்பி, இப்போது உனக்கு. அரை நாள் கொடுப்பதென்றால் "போயிட்டு வா" என்று சொல்வதோடு முடியாது. நடுவில் போன் செய்து குக்கருக்கு எத்தனை விசில் என்று கேட்கக் கூடாது. "எங்கே இருக்க?" என்ற கேள்வி கூட வேண்டாம், அக்கறையில் கேட்டாலும் காதில் அது வேறு மாதிரி விழும். அவள் வீட்டுக்குள் நுழையும்போது கிச்சன் தொட்டியில் பாத்திரம் கிடக்கக் கூடாது. ராத்திரிக்குப் புரோட்டா வாங்கி வைத்துவிடு. பில்லைக் கேட்காதே. ஆனால் சேலையைக் கட்டாயம் கேள். பையிலிருந்து எடுத்துக் காட்டும்போது போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதே, பார்டரைப் பற்றி ஏதாவது சொல். உனக்கு பார்டர் எது என்று தெரியாது என்பது எனக்குத் தெரியும், இந்த ஒரு தடவை தெரிந்துகொள்.

இருவரும் சேர்ந்து போவதில்தானே சந்தோஷம், தனியாகப் போக என்ன பிரிவினையா என்று சிலர் கேட்பீர்கள். சேர்ந்தே போங்கள், சினிமாவுக்கு, பீச்சுக்கு, கொடைக்கானலுக்கு. கேக்கும் வெட்டுங்கள், சாயந்தரம் ஏழு மணிக்கு, தட்டைக் கழுவும் ஆள் யார் என்று முடிவு செய்துவிட்டு. கையில் காசு இருக்கும் பெண்கூட நேரத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் புகார். ஆன்லைனில் ஆர்டர் போடலாமே என்பவர்களுக்கு: போடுகிறோம், ராத்திரி பதினொரு மணிக்கு, பாதித் தூக்கத்தில். அந்த நேரத்தில் வாங்கியது எல்லாமே அதே லட்சணத்தில்தான் இருக்கும்.

இதையெல்லாம் போன வாரம் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு ஆவணியில் நட்சத்திரப் பிறந்தநாள். "உங்களுக்கும் அரை நாள் உண்டு அத்தை, எங்க போகணும், என்ன சேலை எடுக்கணும், சொல்லுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"சேலையும் வேணாம், கடையும் வேணாம்த்தா. நீங்க எல்லாரும் காலையிலயே எங்கயாச்சும் கிளம்பிப் போங்க. நான் வீட்டுல தனியா இருந்துக்கிறேன். உங்க மாமாவையும் மறக்காம கூட்டிட்டுப் போயிருங்க."

அழகர்கோயில் போவதாக முடிவாகியிருக்கிறது. மாமா இப்போதே உற்சாகமாக இருக்கிறார், "உங்க அத்தை ஏன் வரலைங்கிறா?" என்று மட்டும் அவ்வப்போது கேட்கிறார். முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறோம்.