காது ஆட்டினால் யானை குஷியா?

"காதை ஆட்டும் யானை சந்தோஷமாக இருக்கிறது, இறங்கிப் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம்" என்று முதுமலைச் சாலைப் படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

யானை காதை ஆட்டுவது பெரும்பாலும் சூட்டைத் தணிக்கத்தான். காது மடலின் பின்புறம் மெல்லிய தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் வலைபோல ஓடும். விசிறும்போது அந்த ரத்தம் குளிர்கிறது. நம் ஊர் விசிறிதான், வேறொன்றுமில்லை. ஆட்டிக்கொண்டிருந்த காது சட்டென நின்று, அகல விரிந்து, தலை உயர்ந்து உங்களையே பார்த்தால்? அது எச்சரிக்கை. அப்போது படத்தை மறந்துவிட்டு, வண்டியைக் கிளப்பிப் போய்விடுங்கள்.

அப்புறம், புலிகள் காப்பகச் சாலையில் வண்டியை விட்டு இறங்கவே கூடாது. முதுமலைக் காப்பகத்துக்குள் இருக்கும் தெப்பக்காடு போகும் வழியில் வனத்துறைப் பலகைகளிலேயே இதைப் பார்க்கலாம். படம் வேண்டுமென்றால் வனத்துறையின் சவாரி வண்டியில் உட்கார்ந்தபடி, ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கலாம். அந்தச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.